உடையின் கழுத்து

உடையைக் கொல்ல வழி சொல்லாத ஆள் அந்த ஊரில் இல்லை. கொன்ற ஆளும் இல்லை.

விளாத்திகுளத்திலிருந்து கடலைப் பார்த்து வரும் சாலையில், உப்பளம் கண்ணில் படுவதற்கு இரண்டு மைல் முன்னால் கிடக்கிறது வண்டிப்பாதைப் புஞ்சை. ஒன்றரை ஏக்கர் கரிசல். பதினோரு வருஷமாக அதில் சீமைக் கருவேலம்தான் வெள்ளாமை. ஊர் வாயில் அதற்கு உடை என்று பெயர். அருணாசலவடிவின் புருஷன் செத்த வருஷம் நிலத்தை உழ ஆளில்லை. ஓரத்தில் நாலு உடை முளைத்தது. அடுத்த வருஷம் நாற்பது. அதற்கு அடுத்த வருஷம் உள்ளே போக வழியில்லை.

வடிவுக்கு நாற்பத்தாறு வயது. உடை வெட்டுவதுதான் வேலை. தன் நிலத்து உடையை அல்ல, ஊரான் நிலத்து உடையை. கரிமூட்டம் போடுகிற இசக்கிராஜாவிடம் பதினெட்டு வருஷமாகக் கூலிக்கு வெட்டுகிறாள். அந்தக் கூலியில்தான் மகள் வேல்விழி தாவரவியல் படித்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஆக, அந்த மரத்தின் மேல் அவர்களுக்குக் கோபமும் உண்டு, அது போட்ட சோறும் உண்டு.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவின் கொழுந்தன் தங்கப்பாண்டி பைக்கில் வந்து இறங்கினான். தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வீடு மாப்பிள்ளையூரணியில். புஞ்சையின் பட்டா அவன் பெயரும் செத்துப்போன அண்ணன் பெயருமாகச் சேர்ந்து கிடந்தது.

“மைனி, சோலார் கம்பெனிக்காரன் வரிசையா எல்லாப் புஞ்சையும் லீசுக்கு எடுக்கான். இருவத்தெட்டு வருசம். நம்மளது நட்ட நடுவுல கெடக்கு. கையெழுத்துப் போட்டுருவோம்.”

“இருவத்தெட்டு வருசங் கழிச்சு நான் இருப்பனா தம்பி?”

“நெலம் இருக்கும்லா.”

வேல்விழி காப்பித் தம்ளரை அவன் முன்னால் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது. “அப்ப நாங்க எங்க சித்தப்பா போவ?”

“ஏளா, இப்ப மட்டும் அங்கன என்ன பண்ணுதீய? முள்ளுதான வளக்கீய?”

“வளத்தது நீங்க. எங்கப்பா செத்தப்ப ஒங்களுக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. ஒரு கை ஏரப் பிடிச்சிருக்கலாம்.”

“மைனி, இவளப் படிக்க வச்சது தப்பு.”

“நீங்களா படிக்க வச்சீய?” என்றாள் வடிவு. மகளை முறைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

தங்கப்பாண்டி கெட்டவன் அல்ல. முடிவு எடுப்பது ஆம்பளை வேலை என்று நினைக்கிறவன், அவ்வளவுதான். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஒரு கெடு வைத்தான். “சரி. ஐப்பசி மழைக்கு வெதச்சு, மொளச்சு, பச்சையா நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டா லீசுப் பேச்ச எடுக்க மாட்டேன். இல்லன்னா மைனி கையெழுத்துப் போடணும்.”

“போடுதேன்,” என்றாள் வடிவு.

ஊரில் எல்லாரும் கேட்டார்கள், ரெண்டு பொம்பளைகள் புஞ்சையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று. ஆம்பளைகள் வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து இருநூறு ஏக்கரிலும் உடைதான் நின்றது.

வழிகள் வந்து குவிந்தன. ஜேசிபி விடு. தீ வை. டீசல் ஊற்று. வேல்விழி யாரையும் மறுக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு, அவரவர் சொன்ன வழி ஏற்கெனவே நடந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தாள். இதுதான் அவளிடமிருந்த பெரிய கெட்ட பழக்கம். சொன்னதை நம்பமாட்டாள்.

மாரிச்செல்வம் புஞ்சையில் ஜேசிபி ஓடி இரண்டு வருஷமாகிறது. அவரே கூட வந்து காட்டினார்.

“வேரோட புடுங்கிட்டான்ளா. ஒரு நாள் வேல.”

“பெறவு ஏன் வெதைக்கல?”

“வெதச்சேன். வரல.”

ஆள் ஆழத்துக்குக் குழிகள் கிடந்தன. அடியில் இருந்த சுக்கான் மண் மேலே வந்து, கரிசலின் மேல் சுண்ணாம்பு சிந்தினது மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பரவியிருந்தது. வேல்விழி ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. கிழக்கே நாலு மைலில் கடல். இந்த மண்ணுக்கு அடியில் அது எப்போதும் படுத்துத்தான் கிடக்கிறது. ஜேசிபி அதை எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தது. உப்புக் குழியைச் சுற்றிலும் முளைத்திருந்த ஒரே செடி உடை.

தீ வைத்த இடம் சாலையோரம். கருகின அடிமரத்தைச் சுற்றி, ஒன்று நின்ற இடத்தில் ஒன்பது கிளைத்திருந்தது. டீசல் ஊற்றின இடம் பழைய செங்கல் சூளைப் பக்கம். அங்கே மரம் செத்திருந்தது உண்மை. மூன்று வருஷமாகியும் பக்கத்தில் கோரைகூட எட்டிப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள்: ஜேசிபி – உப்பு. தீ – ஒன்பது. டீசல் – மண்ணும் சேர்ந்து. அதற்குக் கீழே, போகிற போக்கில், கல்லூரியில் படித்த ஒரு வரி: காயை ஆடு தின்னும், விதை சாகாது. எழுதினாள், பக்கத்தைத் திருப்பினாள், மறந்தாள்.

அன்று சாயங்காலம் கம்மங்கஞ்சியும் சுட்ட சாளைக் கருவாடும். வடிவு சுவரில் சாய்ந்து, ஊக்கால் குதிகாலில் ஏறின முள்ளைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் காலில் பதினெட்டு வருஷத்து முள் இருந்தது. சிலது வெளியே வந்தது, சிலது உள்ளேயே தங்கிவிட்டது.

“எம்மா, நீ எவ்வளவு ஒசரத்துல வெட்டுவ?”

“முழங்கால் ஒசரம்.”

“ஏன் தரையோட வெட்டக் கூடாது? கட்டை கூடக் கெடைக்கும்லா?”

“கீழ வெட்டுனா அண்ணாச்சி வைவாரு. ஒரு தடவ புதுசா வந்தவ ஒருத்தி மண்ணத் தள்ளிட்டு வேரோட சேத்து வெட்டிப்போட்டா. மறுநா அவள வேலைக்கே கூப்பிடல.”

“ஏனாம்?”

“எனக்கு என்ன தெரியும்? வெட்டச் சொன்ன எடத்துல வெட்டுதோம்.”

வேல்விழி கருவாட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். “கரி விக்கவரு எதுக்கு வெறக விட்டுட்டுப் போவாரு?”

“கஞ்சியக் குடிச்சிட்டு யோசிளா. ஆறுது.”

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு புஞ்சை ஓரத்துக்குப் போனாள். தொடை தடிமனில் ஒரு மரத்தைத் தேர்ந்து, அடிமண்ணைச் சுற்றி இழுத்தாள். மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழம் வரை அடிமரம் முண்டும் முடிச்சுமாக, அம்மை போட்ட தோல் போல இருந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு குருத்துக் கண். சாணுக்குக் கீழே திடீரென்று தோல் மாறியது. வேர் வழவழவென்று, ஒரு கண்கூட இல்லாமல், நேராக இறங்கியது. மேலே தலை, கீழே உடம்பு. நடுவில் இருந்தது கழுத்து.

கண்டதை அவள் உடனே நம்பிவிடவும் இல்லை. வடிவின் பழைய சேலையைக் கிழித்தாள். எட்டு மரம் எடுத்துக்கொண்டாள். இரண்டை முழங்கால் உயரத்தில் வெட்டிச் சிவப்புத் துணி கட்டினாள். இரண்டு தரையோடு, மஞ்சள். இரண்டு மண்ணுக்குள் நாலு விரல்கடை, நீலம். இரண்டு மண்ணுக்குள் ஒரு சாண், கழுத்துக்குக் கீழே, பச்சை. அந்தப் பச்சை இரண்டுக்கும் ஒரு முழுப் பகல் ஆனது.

“பொங்கலுக்குத் தோரணம் கட்டுதியா?” என்று வண்டிப்பாதையில் போனவர்கள் கேட்டார்கள்.

ஆனிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. துணிகள் படபடத்துக்கொண்டே கிடந்தன. இருபத்திரண்டாவது நாள் சிவப்பு துடைப்பமாகக் கிளம்பியிருந்தது. மஞ்சள் அதைவிட அடர்த்தி. நீலம் கட்டின இடத்தில் மண் வெடித்து மூன்று குருத்து. பச்சையில் ஒன்றுமில்லை. இன்னும் பத்து நாள் பார்த்தாள். தோண்டினாள். வெட்டுவாயில் கரையான் ஏறியிருந்தது.

“எம்மா! செத்துட்டு!”

வடிவு ஓடிவந்து குழிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பில் பாதிதான் சந்தோஷம். “பதினெட்டு வருசமா இதச் சாவாம வெட்டத்தான் என்னப் பழக்கிருக்காரு மனுசன்.”

இசக்கிராஜா மரம் பார்க்க வந்தார். மேல்மரத்தை அவர் வெட்டிக் கரிக்கு எடுத்துக்கொள்வது, தூரை இவர்கள் தோண்டுவது என்று பேச்சு. பச்சைத் துணிக் குழியைப் பார்த்ததும் அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“இத யாருளா ஒனக்குச் சொன்னா?”

“நீங்கதான் அண்ணாச்சி. கீழ வெட்டாத கீழ வெட்டாதன்னு எங்கம்மாவ வைதீயல்லா? எதுக்குப் பயந்து வையுதாருன்னு தோண்டிப் பாத்தேன்.”

அவர் பீடிச் சாம்பலைத் தட்டினார். “கறக்குத மாட்ட எவனும் அறுப்பானா? நாலு வருசத்துக்கு ஒருக்க வந்து வெட்டணும். அதான் தொழிலு. நெலத்துக்காரன் சுத்தமாயிட்டுன்னு நெனைப்பான், நாங்க வாரோம்னு சொல்லிட்டுப் போவோம். இதுல களவு என்ன இருக்கு?”

“களவுன்னு நான் சொல்லல. நீங்கதான் சொல்லுதீய.”

“வாயப் பாரு. சரி, ஒங்க புஞ்சையோட வச்சிக்கிடுங்க. ஊருக்குள்ள ஓதிக்கிட்டுத் திரியாத. ஒங்கம்மைக்கும் நாளப்பின்ன வேல வேணும்லா.”

வடிவு முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். “அண்ணாச்சி, இங்கனயிருந்து கடல் மட்டும் உடைதான் கெடக்கு. நான் சாவுத வரைக்கும் வெட்டுனாலும் தீராது. இந்த ஒன்றரைய மட்டும் விட்டுருங்க. இது எனக்கு.”

அவர் பீடியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆடி பிறந்து மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். முழங்கால் உயரத்தில்தான் வெட்டிப்போட்டுப் போனார்கள்.

நானூற்று முப்பத்தொன்பது தூர். அவற்றை எண்ணியது வேல்விழி. எண்ணாதே, மலைப்பாகிவிடும் என்றாள் வடிவு. வெயிலுக்கு முன்னால் நாலு, வெயில் இறங்கினபின் நாலு. வேல்விழி மண்ணை இழுப்பாள், வடிவு குழிக்குள் காலை வைத்துக் கோடாலியை இறக்குவாள். கரிசல் இறுகிப் பாறையாகக் கிடந்ததால், முந்தின சாயங்காலமே ஒவ்வொரு தூருக்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். கொல்வதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் பார் என்று அதற்கும் ஊர் சிரித்தது. வேல்விழியின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, தோல் தடித்து, பட்டம் வாங்கின கைக்கும் வெட்டுகிற கைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. ஒவ்வொரு தூரும் ஒவ்வொரு மாதிரி. சிலதுக்குக் கழுத்து சாணுக்குக் கொஞ்சம் மேலே, சிலதுக்குக் கீழே. தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரிந்துவிடும், முண்டு எங்கே நிற்கிறது, வழவழப்பு எங்கே தொடங்குகிறது என்று. ஒரு கட்டத்தில் வடிவு கண்ணை மூடிக்கொண்டே தடவிச் சொன்னாள், “இங்கன.” மகள் தோண்டிப் பார்ப்பாள். சரியாக இருக்கும். அதற்காகவே இருவரும் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். தோற்றவர் குடம் சுமக்கணும்.

ஆவணி முடிய நாலு நாள் இருக்கும்போது கடைசித் தூர் சாய்ந்தது. உதிர்ந்த முள்ளை எல்லாம் கூட்டி அள்ளினார்கள். வடிவு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, புஞ்சையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது.

“பதினோரு வருசம் பட்டினி கெடந்த மண்ணு. ஒரு வாய் போடாம வெதைக்கக் கூடாது,” என்றாள் வடிவு. அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். செம்மறிக் கூட்டத்தைக் கொண்டுவந்து ராத்திரி புஞ்சையில் மறித்துவைப்பார்கள். கிடை என்று பெயர். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். கண்மாய்க்குள் மேய்ந்துகொண்டிருந்த நூற்றிருபது ஆடு வந்து நாலு ராத்திரி, இடம் மாற்றி மாற்றி நாலு சதுரமாகக் கிடந்தது. ஆடு ஓட்டி வருவதைப் பார்க்க வேல்விழி கண்மாய்க்கே போயிருந்தாள். உடை மரத்தடியில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் உடங்காயை ஆடுகள் நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. நின்று கேட்டாள். படித்தவளுக்கும் தோன்றவில்லை, வெட்டினவளுக்கும் தோன்றவில்லை.

புரட்டாசி கடைசியில் உழுது உளுந்து விதைத்தார்கள். ஐப்பசி இரண்டாம் தேதி மழை. எட்டாம் நாள் காலையில் வடிவு புஞ்சையிலிருந்து கூப்பிட்ட குரல் பாதி வழியிலேயே வேல்விழிக்குக் கேட்டது.

“ஏளா! இங்கன வந்து பாரு!”

உளுந்து, ஏர் இழுத்த கோட்டில் சால் சாலாக முளைத்திருந்தது. கிடை மறித்த நாலு சதுரத்தில் மட்டும் சாலே தெரியவில்லை. பச்சைப் பாய் விரித்தது போல அடர்த்தி. வேல்விழி குத்தவைத்து ஒன்றைப் பிடுங்கினாள். மண்ணில் ஊறிப் பிரிந்த ஒரு புழுக்கை, அதற்குள்ளிருந்து இரண்டு தடித்த வட்ட இலை. கீழே வேர் மட்டும் அவள் நடுவிரல் நீளம்.

அவள் நோட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே ஞாபகம் வந்தது. மண்கட்டியை எடுத்து வரப்பில் வீசி அடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“யார எறியுத?” என்றாள் வடிவு.

“என்னயத்தான்.”

“பெறகு எறி. இத என்ன பண்ண? மருந்தடிச்சா உளுந்தும் போவும். புடுங்குனா பக்கத்து உளுந்து ஆடும்.”

வேல்விழி பிடுங்கின முளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டை நகத்தால் வருடினாள். முண்டு எங்கே? இரண்டு வட்ட இலையும் தண்டில் சேரும் இடத்தில் கடுகளவு ஒரு கண். அதற்குக் கீழே வழவழப்பு.

“எம்மா, கழுத்து மேல இருக்கு.”

“என்னது?”

“பொறந்த எட்டு நாள்ல இதுக்குக் கழுத்து மண்ணுக்கு மேல இருக்கும்மா. பெருசாகப் பெருசாகத்தான் கீழ போய் ஒளியுது போல. கோடாலி எதுக்கு? நகம் போதும்.”

வட்ட இலைக்குக் கீழே நகத்தால் ஒரு கிள்ளு. வேர் மண்ணுக்குள்ளேயே கிடந்து செத்துப்போகும், பக்கத்து உளுந்து அசையாது. சரியா என்று பார்க்கப் பத்து முளையைக் கிள்ளிக் குச்சி நட்டு வைத்தாள். நாலு நாளில் பத்தும் வாடிச் சாம்பின. அன்றிலிருந்து இருவரும் ஒரு மூலையிலிருந்து குத்தவைத்து நகர்ந்தார்கள். முதல் சதுரம் முடிந்தது. இரண்டாவதில் பாதி முடிந்திருக்கும்போது வண்டிப்பாதையில் பைக் சத்தம்.

தங்கப்பாண்டி தோளில் பை. பைக்குள் அக்ரிமென்ட். வரப்பில் ஏறி நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது.

“அடேயப்பா. நெசமாவே மொளச்சிட்டே மைனி.”

பிறகு மூன்றாவது சதுரத்தைக் கை நீட்டிக் காட்டினான். “அதுவும் அங்கன பாருங்க, ஜாஸ்தியா மொளச்சிருக்கு! என்ன ஒரம் போட்டீய?”

வடிவு மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஒன்றுதான். ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை, வாயை மூடு. பச்சையைப் பார்த்தான், ஒத்துக்கொண்டான், போகப் போகிறான்.

வேல்விழிக்கு முடியவில்லை. “அது உடை சித்தப்பா.”

வடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என்னது?”

“ஆட்டுப் புழுக்கையில வந்தது. எங்க தப்புதான். உளுந்து இந்தச் சால்ல இருக்கு.”

தங்கப்பாண்டி முகம் மாறியது. பையை முன்னால் இழுத்துக்கொண்டான். “அப்ப பதினோரு வருசத்துக்கு முந்தி வந்த அதே கததான? மறுபடியும் உடைதான மொளச்சிருக்கு? நான் கேட்டது வெதச்சு மொளச்ச பச்ச. மைனி, நீங்க வார்த்த குடுத்திருக்கீய.”

“வார்த்தய யாரும் இல்லங்கல. நீங்க எறங்கி வாங்க. எது உளுந்து, எது உடைன்னு பிரிச்சுக் காட்டுங்க. காட்டிட்டீயன்னா எங்கம்மா போடுவா. இது ரெண்டும் தெரியாத ஆளு இருவத்தெட்டு வருசத்துக்கு இத எழுதிக் குடுக்கக் கூடாது.”

“நான் இதே மண்ணுல பொறந்தவன்ளா!”

“அப்ப எறங்குங்க.”

அவன் இறங்கக் காலெடுத்தான். “செருப்பக் கழத்துங்க தம்பி,” என்றாள் வடிவு. “மொள நசுங்கும்.”

“முள்ளு?”

“இல்ல.”

அவன் நம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்த்துப் பார்த்துக் கொக்கு மாதிரி கால் வைத்தான். ஆறு அடி வந்தபிறகு பார்ப்பதை நிறுத்தினான். இரண்டாவது சதுரத்தில் கிள்ளாத பக்கம் குத்தவைத்து, கொஞ்சம் யோசித்து, ஒன்றைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினான்.

“இது உடை.”

வடிவு அதை அவன் கையிலிருந்து வாங்கி, மண்ணில் குழி பறித்து, திரும்ப நட்டாள். “இது உளுந்து தம்பி.”

கடல்காற்று வந்து முளைகளைத் தடவிவிட்டுப் போனது. தங்கப்பாண்டி அடுத்ததைத் தொட்டான், விட்டான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

“எப்பிடிக் கண்டுபிடிக்கிய?” என்றான் கடைசியில். சூப்பர்வைசர் குரல் இல்லை அது.

“வட்டமா, தடிச்சு இருக்குல்லா? இதான் உடை. வேரப் பாருங்க,” என்று ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள் வேல்விழி.

“இத்தனூண்டுக்கு இவ்வளவு வேரா!” விரலோடு வைத்து அளந்தான். “மேல ஒண்ணுமில்ல, கீழ இவ்வளவா?”

“இங்கன கிள்ளணும். எலைக்குக் கீழ.”

அவன் கிள்ளினான். இன்னொன்று கிள்ளினான். பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, அடிக்கவிட்டான்.

“எத்தன நாளைக்கு இப்பிடிக் கிள்ளுவீய மைனி?”

“மண்ணுல வெத இருக்க மட்டும்.”

“அது எத்தன வருசம்?”

வடிவு மகளைப் பார்த்தாள். “தெரியல சித்தப்பா,” என்றாள் வேல்விழி. “பாக்கணும்.”

ஒரு சால் முழுக்க நகர்ந்து முடித்தபிறகுதான் எழுந்தான். முழங்காலைத் தட்டினான். பைக்குள் இருந்த தாளை எடுக்கவில்லை. “நடுவுல ஒன்றரை ஏக்கர விட்டுட்டுப் பேனல் போடத் தெரியுமான்னு கம்பெனிக்காரன்ட்ட கேக்கணும்,” என்று கடல் பக்கம் பார்த்துச் சொன்னான். எதையோ யோசித்துக்கொண்டே, கையிலிருந்த ஒரு முளையின் வேரை நீவியபடி, புஞ்சையின் குறுக்கே நடந்தான். செருப்பு வரப்பிலேயே கிடந்தது.

பெண்கள் இருவரும் மறுபடி குனிந்தார்கள். கொஞ்ச நேரம் நகம் கிள்ளும் சத்தம் மட்டும்.

வண்டிப்பாதைப் பக்கமிருந்து, “யாத்தே!” என்று ஒரு அலறல்.

வடிவு தலை நிமிரவில்லை. “எல்லை தாண்டிட்டாரு,” என்றாள்.